யூஎஸ்பி மைக்கா, ஆடியோ இன்டர்ஃபேஸா? பாட்காஸ்ட் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாட்காஸ்ட் தொடங்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது இதைத்தான்: நேராக லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி மைக் போதுமா, இல்லை தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி அதில் எக்ஸ்எல்ஆர் மைக் (மூன்று முள் உள்ள வட்டக் கம்பியில் மாட்டுவது) மாட்ட வேண்டுமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசையில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்றால் யூஎஸ்பி மைக். ஒரே அறையில் இரண்டு பேரோ அதற்கு மேலோ உட்கார்ந்து பேசப்போகிறீர்கள் என்றால் இன்டர்ஃபேஸ். எத்தனை பேர் என்ற கணக்குதான் இந்தத் தேர்வை முடிவு செய்கிறது. ஒலித்தரம் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும். எப்படி என்பது கீழே.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

நீங்கள் பேசும்போது மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அதிர்கிறது. அந்த அதிர்வு மிக மெலிந்த மின்சார சிக்னலாகிறது. அதைத் தூக்கிவிட ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். பிறகு அதை எண்களாக மாற்ற ஒரு டிஜிட்டல் கன்வெர்ட்டர் வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்குப் புரியும்.

யூஎஸ்பி மைக்கில் இவை எல்லாமே மைக்கின் உடலுக்குள் இருக்கின்றன. எக்ஸ்எல்ஆர் மைக்கில் சவ்வும் அதைச் சார்ந்த சிறு பாகங்களும் மட்டும்தான். ப்ரீஆம்பும் கன்வெர்ட்டரும் ஹெட்போன் இணைப்பும் இன்டர்ஃபேஸ் என்ற தனிப் பெட்டியில் இருக்கும். ஆக, யூஎஸ்பி மைக் வாங்குபவரும் ஒரு சிறிய இன்டர்ஃபேஸைச் சேர்த்துத்தான் வாங்குகிறார். அதை மைக்கிலிருந்து பிரிக்க முடியாது, அவ்வளவுதான். வசதியும் அதில்தான், வரம்பும் அதில்தான்.

இன்டர்ஃபேஸ் வாங்கினால் ஒலி நன்றாக இருக்குமா?

அதனால் மட்டும் இருக்காது. சாம்சன் கியூ2யூ, ஆடியோ டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் போன்ற மைக்குகளில் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வாய்களும் உண்டு. அதே மைக்கை ஒரு முறை யூஎஸ்பி வழியாகவும் ஒரு முறை நல்ல இன்டர்ஃபேஸ் வழியாகவும் பதிந்து கேட்டுப் பாருங்கள். கவனமாகக் காது கொடுத்தால் அடியில் ஓடும் ‘ஸ்ஸ்’ சத்தம் கொஞ்சம் குறைந்திருப்பது தெரியலாம். பேருந்தில் இயர்போனோடு கேட்பவருக்கு அதுவும் தெரியாது.

பிட் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது அதுதான். 16-பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே கோட்பாட்டளவில் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். 24-பிட் என்றால் 144. இப்போது நம் அறைக்கு வருவோம். 1 மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில் சுமார் 80. ஃபேன் ஓடும் அறையின் இரைச்சல் 40-க்குக் கீழே இறங்குவது அரிது. ஆக, உங்கள் குரலுக்கும் அறையின் சத்தத்துக்கும் இடையே இருப்பதே 40 டெசிபெல்தான். 96 போதவில்லை என்று 144-ஐத் தேடிப் போவதில் பயன் குறைவு. 24-பிட் இருந்தால் அளவைத் தாழ்த்தி வைத்து நிம்மதியாகப் பதியலாம். அந்த வசதிக்காக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஒலியை உண்மையில் தீர்மானிப்பது எது?

அறை. அடுத்து, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். அதற்கடுத்து, மைக்கின் வகை. யூஎஸ்பியா எக்ஸ்எல்ஆரா என்பதெல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகு.

நம் வீடுகள் பெரும்பாலும் டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். வெயிலுக்கு நல்ல கட்டுமானம், ஒலிப்பதிவுக்குக் கொடுமையான கட்டுமானம். அறை நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ‘ணங்’ என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சாஃப்ட்வேரும் அதைச் சுத்தமாக அறுத்து எடுப்பதில்லை.

இதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. படுக்கையறையைத் தேர்ந்தெடுங்கள், மெத்தையும் தலையணையும் எதிரொலியை நன்றாக விழுங்கும். துணி அடுக்கிய பீரோவின் கதவைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுங்கள். கொடியில் கனத்த போர்வை இரண்டைத் தொங்கவிட்டு முதுகுக்குப் பின்னால் திரையாக்குங்கள். மேசையின் மேல் மடித்த ஜமக்காளம் விரியுங்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பேச்சொலியை உறிஞ்சும் அளவுக்கு அதில் கனமும் இல்லை, தடிமனும் இல்லை. தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

தூரத்தைப் பற்றி ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். தூரம் பாதியானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும்; அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். ஒரு சாண் தூரத்தில் பேசுபவர் நான்கைந்து விரற்கடைக்கு நெருங்கி வந்தாலே கிடைக்கும் தெளிவு, பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் மைக்கில் கிடைக்காது. நெருங்கினால் ‘ப’ வரும் இடங்களில் காற்று மோதி ‘டொப்’ என்று அடிக்கும். நுரையுறையோ பாப் ஃபில்டரோ போட்டு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் அது அடங்கிவிடும்.

சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. பாட்காஸ்ட் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை, அதாவது முன்பக்கம் நன்றாகக் கேட்டு, நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்பவை. முனையில் பேசும் மைக்கை மேசையிலிருந்து அண்ணாந்து பார்க்கும்படி நிறுத்தினால் அதன் முன்பக்கம் நேராகச் சீலிங் ஃபேனைப் பார்க்கும். அதே மைக்கை வளையும் கையில் மாட்டி, மேலிருந்து உங்கள் வாயை நோக்கிச் சரித்து இறக்கினால் அதன் முதுகு ஃபேனைப் பார்க்கும். ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து இப்படிச் செய்தால் வித்தியாசம் முதல் பதிவிலேயே கேட்கும்.

கண்டென்ஸரா, டைனமிக்கா?

எதிரொலியை அடக்காத அறை என்றால் டைனமிக். கண்டென்ஸர் நுணுக்கமாகக் கேட்கும். உங்கள் குரலின் நுணுக்கத்தோடு அடுத்த வீட்டு மிக்ஸி, தெருவில் போகும் ஆட்டோ, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாம் அதே நுணுக்கத்தோடு வந்து சேரும். டைனமிக் மைக்குக்கு வெளியீடு குறைவு. அதனால் நீங்கள் நெருங்கிப் பேசியே ஆக வேண்டும், நெருங்குவதாலேயே சுற்றுச் சத்தம் பின்தங்கிவிடுகிறது.

யூஎஸ்பி மைக்குகளுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கும் இதுதான் காரணம். 2009-இல் வந்த ப்ளூ யெட்டி தொடங்கி, பரவலாக விற்ற யூஎஸ்பி மைக்குகள் பெரும்பாலும் கண்டென்ஸர்கள். அவற்றை மேசையில் இரண்டு அடி தள்ளி வைத்து, டைல்ஸ் அறையில் பேசிவிட்டு, ‘யூஎஸ்பி என்றாலே கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கிறது’ என்று சொல்கிறார்கள். குறை யூஎஸ்பியுடையது அல்ல.

நான் ஒருவன்தான் பேசப்போகிறேன். எதை வாங்கட்டும்?

யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் சேர்ந்த டைனமிக் மைக் ஒன்று. மேலே சொன்ன கியூ2யூ, ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் குறைந்த விலைப் பக்கம். கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் ஷூர் எம்வி7 (2020-இல் வந்தது, 2024-இல் எம்வி7 ப்ளஸ்), ரோட் பாட்மைக் யூஎஸ்பி. மயோனோ, ஃபிஃபைன் நிறுவனங்களும் இதே வகையில் விலை குறைந்த மைக்குகள் தருகின்றன.

இவற்றைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்று யூஎஸ்பி கம்பியில் தொடங்குங்கள். ஒரு வருடம் கழித்து நிகழ்ச்சி வளர்ந்து, எதிரே இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் இன்டர்ஃபேஸ் மட்டும் வாங்கி, இதே மைக்கை எக்ஸ்எல்ஆர் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம். போட்ட காசு வீணாகாது. தொடங்குபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு என் பதில் இதுதான். இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு போய்ப் பதிவைத் தொடங்கலாம்.

இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே லேப்டாப்பில் மாட்டி இருவர் பேசலாமே?

மாட்டலாம். தொல்லையும் கூடவே வரும். அது என்ன என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்டர்ஃபேஸுக்கு மாறுவதற்கான உண்மையான காரணமே இதுதான்.

ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் அதற்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. விநாடிக்கு 48,000 முறை அளந்து பதிய வேண்டும் என்றால் அந்த விநாடி எவ்வளவு நீளம் என்பதை அந்தக் கடிகாரம்தான் சொல்கிறது. கூடத்தில் ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாக மாட்டிய இரண்டு சுவர்க் கடிகாரங்களை ஒரே நேரத்துக்குத் திருப்பி வைத்தாலும் சில வாரங்களில் ஒன்று முந்திக்கொள்ளும் அல்லவா? இங்கேயும் அதேதான். இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால், ஒரு மணி நேரப் பேச்சின் முடிவில் 0.18 விநாடி விலகியிருக்கும். காகிதத்தில் சிறிய எண். ஆனால் ஒருவரின் குரல் மற்றவரின் மைக்கிலும் லேசாக விழுந்திருக்கும் அல்லவா? அந்த விலகல் அங்கே தெளிவான இரட்டைக் குரலாகக் கேட்கும். நிகழ்ச்சி தொடங்கும்போது நன்றாக இருந்து, போகப் போக எதிரொலி முளைக்கிறதே என்று குழம்பி நிற்பவர்கள் பலர். காரணம் இதுதான்.

மேக் கம்ப்யூட்டரில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற கருவிக்குள் போய் இரண்டு மைக்கையும் ஒரே அக்ரிகேட் டிவைஸாகச் சேர்த்து, டிரிஃப்ட் கரெக்ஷனை இயக்கினால் கடிகார விலகலைச் சரிசெய்துகொள்ளும். விண்டோஸில் அப்படியொரு வசதி உள்ளே இல்லை. வாய்ஸ்மீட்டர் போன்ற வெளிச் சாஃப்ட்வேர்களை நாட வேண்டும். ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்து மட்டும்தான் பதியும். ஒரே மாடலில் இரண்டு மைக் வாங்கியிருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து, எது யாருடையது என்ற குழப்பம் வேறு.

இன்டர்ஃபேஸில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு மைக், நான்கு மைக் எதுவானாலும் பெட்டிக்குள் கடிகாரம் ஒன்றுதான்.

யெட்டி மாதிரி ஒரே மைக்கை நடுவில் வைத்து இருவர் பேசினால்?

யெட்டியில் நான்கு முறைகள் உண்டு. அதில் முன்னும் பின்னும் கேட்கும் முறையில் வைத்து இருவர் எதிரெதிரே உட்காரலாம். அவசரத்துக்கு உதவும். ஆனால் இருவர் குரலும் ஒரே டிராக்கில் கலந்துவிடும். ஒருவர் மென்மையாகப் பேசுகிறார், மற்றவர் கணீரென்று பேசுகிறார் என்றால் பிறகு சரிசெய்ய வழியில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் இருமினால் அந்த இருமலை வெட்டவும் முடியாது. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக் என்பதில் சமரசம் வேண்டாம்.

எத்தனை இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும்?

எத்தனை பேர் ஒரே அறையில் பேசுவார்களோ அத்தனை மைக் இன்புட். இதில் பெயரை நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் மைக் இன்புட் ஒன்றுதான். கூட இருப்பது கிட்டார் போன்றவற்றுக்கானது. ஸ்கார்லெட் 2ஐ2-வில் இரண்டு. அப்படியென்றால் 4ஐ4-இல் நான்கு இருக்கும் என்று நினைப்போம். மூன்றாம், நான்காம் தலைமுறை 4ஐ4-இலும் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான், மற்ற இரண்டும் மைக் அல்லாத கருவிகளுக்கான லைன் இன்புட். நான்கு மைக் வேண்டும் என்றால் பெரிங்கர் யூஎம்சி404ஹெச்டி போன்றதைப் பார்க்க வேண்டும். வாங்கும் முன் ‘மைக் ப்ரீ’ எத்தனை என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

மூன்று நான்கு பேர் வாராவாரம் கூடிப் பேசுவது உறுதி என்றால் சாதாரண இன்டர்ஃபேஸைவிட, பாட்காஸ்டுக்கென்றே செய்த பெட்டி மேல். 2020-இல் வந்த ஸூம் பாட்டிராக் பி4 எனக்குப் பிடித்தது. நான்கு மைக் வாய். நான்கு ஹெட்போன் வாய், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். கம்ப்யூட்டரே இல்லாமல் எஸ்டி கார்டில் தனித்தனி டிராக்காகப் பதியும். இரண்டு ஏஏ பேட்டரியிலும் ஓடும் என்பதால் ஊருக்கு எடுத்துப்போய்த் திண்ணையில் உட்கார்ந்தும் பதியலாம். ரோட் காஸ்டர் வரிசை இதே வேலையை இன்னும் வசதியோடு, இன்னும் கூடிய விலையில் செய்கிறது.

பிரபலங்கள் எல்லோரும் எஸ்எம்7பி வைத்திருக்கிறார்களே. அதையே வாங்கிவிடட்டுமா?

ஷூர் எஸ்எம்7பி அருமையான மைக். 1973-இல் வந்த எஸ்எம்7-இன் வழிவந்தது, இந்த வடிவம் 2001-இலிருந்து இருக்கிறது. ஆனால் அதன் வெளியீடு மிகவும் குறைவு. குறைந்தது 60 டெசிபெல் கெயின் (ப்ரீஆம்ப் சிக்னலைத் தூக்கிவிடும் அளவு) வேண்டும் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 தருவது 56. கெயின் குமிழைக் கடைசி வரை திருப்பியும் குரல் ஏறாது, இரைச்சல்தான் ஏறும். நான்காம் தலைமுறை 2ஐ2 (2023) 69 வரை தருகிறது, அதில் தாராளமாக ஓடும். பழைய இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் நடுவில் கிளவுட்லிஃப்டர் போன்ற ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டுகிறார்கள். அது சுமார் 25 டெசிபெல் கூட்டும், ஃபான்டம் பவர் கேட்கும். 2023-இல் பூஸ்டரை உள்ளேயே வைத்து எஸ்எம்7டிபி வந்தது.

மைக், பூஸ்டர், அதற்கேற்ற இன்டர்ஃபேஸ், கனத்தைத் தாங்கும் கை என்று கூட்டிப் பாருங்கள். அந்தப் பணத்தில் இருவர் பேசும் முழு அமைப்பையே வாங்கி, அறைக்குக் கனத்த திரைச்சீலையும் போட்டுவிடலாம். முதல் மைக்காக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஃபான்டம் பவர் என்றால் என்ன? டைனமிக் மைக்குக்குப் போட்டால் கெட்டுவிடுமா?

எக்ஸ்எல்ஆர் கம்பி வழியாகவே இன்டர்ஃபேஸ் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம். கண்டென்ஸருக்குத் தேவை, சாதாரண டைனமிக்குக்குத் தேவையில்லை. சரியான எக்ஸ்எல்ஆர் கம்பியில் மாட்டிய டைனமிக் மைக்குக்குத் தவறிப் போட்டுவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் என்றால் மட்டும் எச்சரிக்கை.

மைக்செட் கடையில் அஹுஜா மைக் கிடைக்கிறது. அதை வைத்துத் தொடங்கலாமா?

தொடங்கலாம். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் வரும் அந்தக் கை மைக்குகள் பெரும்பாலும் டைனமிக்தான். நெருங்கிப் பேசினால் பேச்சு தெளிவாகவே விழும். சிக்கல் கம்பியில். ஒரு முனை எக்ஸ்எல்ஆராகவும், மறு முனை ஆம்ப்ளிஃபயரில் குத்தும் தடித்த 6.35 மில்லிமீட்டர் ஜாக்காகவும் இருக்கும். அந்த ஜாக்கை இன்டர்ஃபேஸின் முன்பக்கத் துளையில் குத்தினால் அது லைன் அல்லது கிட்டார் இன்புட்டாக எடுத்துக்கொள்ளும். மைக்குக்கான ப்ரீஆம்ப் வேலை செய்யாது. குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். மைக் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கம்பி ஒன்று வாங்கினால் தீர்ந்தது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருப் பக்கம் போனால் வேண்டிய நீளத்தில் அங்கேயே பற்றவைத்தும் வாங்கலாம்.

பிஎம்-800 கிட், வி8 சவுண்ட் கார்டு எல்லாம் மிக மலிவாக வருகிறதே?

வேண்டாம். பெட்டியில் மைக், கை, நுரையுறை எல்லாம் பார்க்க நிறைவாக இருக்கும். உள்ளே வரும் கம்பி பெரும்பாலும் ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறு முனை 3.5 மில்லிமீட்டர். அதை லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் குத்தினால் இரைச்சலுக்கு நடுவே குரலைத் தேட வேண்டியிருக்கும். அந்த விலைக்கு உங்கள் ஃபோனில் இருக்கும் மைக்கே நல்லது.

போயா காலர் மைக் கையில் இருக்கிறது. அது போதாதா?

முதல் சில அத்தியாயங்களுக்குத் தாராளமாகப் போதும். போயா பிஒய்-எம்1 எல்லாப் பக்கமும் கேட்கும் வகை, அதனால் ஃபேனும் தெருவும் சேர்ந்து வரும். ஆனால் சட்டையில் குத்தினால் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாமல் இருக்கும், அது பெரிய நன்மை. போர்வை போர்த்திய அறையில் காலர் மைக்கில் பேசியது, வெற்று அறையில் விலை உயர்ந்த கண்டென்ஸரில் பேசியதைவிட நன்றாக இருக்கும். மைக்கில் இருக்கும் சின்ன சுவிட்ச் ஃபோன் பக்கம் இருக்கிறதா, கேமரா பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மைக்கை மாற்ற வேண்டுமா?

முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பதிந்து பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் மைக்கின் மேல் குற்றமில்லை. கரண்ட் வழியாக வருகிறது. வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டாலோ, சார்ஜர் இரண்டு முள் பிளக்காக இருந்தாலோ இது சகஜம். லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் கையில் சுருசுருவென்று இருக்கிறதா? அதே காரணம்தான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்காஸ்டுக்காக மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்புக்காகவும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரப்பு வருகிறது என்றால், அது தூய சைன் அலை தராத இன்வெர்ட்டராக இருக்கும். அப்போதும் பேட்டரிதான் மருந்து. குமிழைத் திருப்பி வேகம் மாற்றும் சில எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்களும் இப்படிச் சத்தம் தரும்; மைக் கம்பியை அந்த சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஓட விடாதீர்கள். எக்ஸ்எல்ஆர் கம்பி இப்படிப்பட்ட குறுக்கீட்டைத் தானே பெருமளவு ரத்து செய்துகொள்ளும் வகையில் அமைந்தது. பத்து மீட்டர் நீட்டினாலும் கவலையில்லை. யூஎஸ்பி 2.0 கம்பிக்கு 5 மீட்டர்தான் எல்லை.

கம்ப்யூட்டர் இல்லை, ஃபோன் மட்டும்தான். எது ஒத்துவரும்?

யூஎஸ்பி-சி துளை உள்ள ஆண்ட்ராய்டு ஃபோனிலும், 2023-இல் வந்த ஐஃபோன் 15 முதலானவற்றிலும் பல யூஎஸ்பி மைக்குகள் நேராக மாட்டினாலே வேலை செய்யும். இன்டர்ஃபேஸ் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும்; அது கேட்கும் மின்சாரத்தைப் பல ஃபோன்கள் தருவதில்லை. தனி மின்சாரம் கொடுக்கும் யூஎஸ்பி ஹப் நடுவில் தேவைப்படலாம்.

விருந்தினர் வெளியூரில் இருக்கிறார். அதற்கு இன்டர்ஃபேஸ் வேண்டுமா?

இணையம் வழியாகப் பேசினால் வேண்டியதில்லை. உங்கள் அறையில் நீங்கள் ஒருவர்தானே. ரிவர்சைடு, ஜென்காஸ்டர் போன்ற சேவைகள் அவரவர் குரலை அவரவர் கம்ப்யூட்டரிலேயே பதிந்து பிறகு மேலேற்றிக்கொள்கின்றன; நடுவில் இணையம் தடுமாறினாலும் பதிவு தடுமாறாது. ஸூம் செயலியில்தான் பேசுகிறீர்கள் என்றால் இருவரும் தனித்தனியாகத் தங்கள் பக்கத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஹெட்போன் அணிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் ஸ்பீக்கர் மற்றவர் குரலைத் திருப்பி அனுப்பும்.

சாதாரண ஃபோன் அழைப்பில்தான் அவர் கிடைப்பார் என்றால் கதை வேறு. ஸ்மார்ட்ஃபோன் பழகாத பெரியவர்களைப் பேட்டி எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அழைப்பவருக்கு நிகழ்ச்சியின் முழு ஒலியும் போக வேண்டும், அவருடைய குரல் மட்டும் அவருக்கே திரும்பக் கூடாது. இதை மிக்ஸ் மைனஸ் என்பார்கள். சாதாரண இன்டர்ஃபேஸில் இதை அமைக்க நிறைய மெனக்கெட வேண்டும்; பாட்டிராக், ரோட் காஸ்டர் போன்ற பெட்டிகளில் ஃபோனை இணைத்தாலே தானாக நடந்துவிடும்.

ஹெட்போனில் என் குரல் தாமதமாகக் கேட்கிறது. பேசவே முடியவில்லை.

குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றிவிட்டு வருவதால் வரும் தாமதம். ஹெட்போனை லேப்டாப்பில் மாட்டாமல் யூஎஸ்பி மைக்கின் துளையிலோ இன்டர்ஃபேஸின் துளையிலோ மாட்டி, டைரக்ட் மானிட்டர் சுவிட்சைப் போடுங்கள். சாஃப்ட்வேரில் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் ஹெட்போனைப் பதிவின்போது தொடவே வேண்டாம்.

என்ன அளவில் பதிய வேண்டும்?

48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட், மோனோ. 96, 192 எல்லாம் பேச்சுக்கு வெறும் இட விரயம். கெயினை, நீங்கள் சிரித்துச் சத்தமாகப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையே தொடும்படி வையுங்கள். சிவப்பைத் தொட்டுக் கிழிந்த ஒலியைத் திருப்பி ஒட்ட முடியாது. தாழ்ந்த ஒலியை ஏற்றிக்கொள்ளலாம். பத்து விநாடி சும்மா இருந்து அறையின் மௌனத்தையும் பதியுங்கள். அது மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருந்தால், ஒலிப்புத்தகங்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் விதிக்கும் அளவையே தொட்டுவிட்டீர்கள். எடிட்டிங் முடிந்ததும் மொத்த உரப்பை மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அருகே கொண்டுவாருங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பது அது. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 என்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு தேவையில்லை, 16 இரண்டிலும் நன்றாகவே ஒலிக்கும்.

பட்ஜெட் போடும்போது எதை மறந்துவிடுகிறோம்?

கம்பியையும் கையையும். இன்டர்ஃபேஸ் விலை, மைக் விலை இரண்டையும் கூட்டிவிட்டு, ஆளுக்கொரு எக்ஸ்எல்ஆர் கம்பி, ஆளுக்கொரு ஸ்டாண்ட், ஆளுக்கொரு நுரையுறை, ஆளுக்கொரு மூடிய ஹெட்போன் என்பதை விட்டுவிடுகிறார்கள். மேசையில் வைக்கும் சின்ன முக்காலி வேண்டாம். மேசையைத் தட்டினால் அந்த அதிர்வெல்லாம் மைக்கில் ஏறும். பழைய பொருள் வாங்குவதானால் எக்ஸ்எல்ஆர் டைனமிக் மைக்கைத் துணிந்து வாங்கலாம். அதில் தேய்ந்துபோக அதிகம் ஒன்றுமில்லை. பழைய யூஎஸ்பி மைக் என்றால் துளையை ஆட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். முதல் யெட்டியில் இருந்தது போன்ற மினி யூஎஸ்பி துளைகள் தளர்ந்துவிட்டால் மைக்கே போனது மாதிரிதான்.

இன்டர்ஃபேஸுக்கு மாறிய பிறகு பழைய யூஎஸ்பி மைக்கை விற்றுவிடலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் விருந்தினர்களில் பலர் லேப்டாப்பின் உள் மைக்கிலேயே பேசுவார்கள், நிகழ்ச்சியின் பாதி அதனால் பாழாகும். பதிவுக்கு ஒரு வாரம் முன்பே அந்த மைக்கை ஹெட்போனோடும் கம்பியோடும் நுரையுறையோடும் கூரியரில் அனுப்பிவிடுங்கள். டைனமிக் மைக்காக இருந்தால் இன்னும் நல்லது, அவர் அறை எப்படி இருந்தாலும் தாங்கும். எங்கே செருக வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து எவ்வளவு நெருங்கிப் பேச வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, மைக் வைத்த படம் ஒன்றையும் பெட்டிக்குள் வையுங்கள். முந்தைய நாள் ஐந்து நிமிடம் அழைத்துச் சோதித்துவிட்டால், பதிவு நாளில் நேராகப் பேச்சைத் தொடங்கிவிடலாம்.